கோமாஷியோ: எள்ளும் உப்பும் இருந்தால் போதும்!

கணவரின் வேலைக்காக டோக்கியோவில் நிஷி-கசாய் பகுதியில் சில வருஷம் குடியிருந்தோம். நம் நாட்டுக்காரர்கள் நிறைய பேர் வசிக்கிற பேட்டை அது. மேல் வீட்டு ஜப்பானியப் பாட்டி ஒரு நாள் கதவைத் தட்டி, சின்னக் கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார். உள்ளே கருப்பு எள், அதன் மேல் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. 'கோமா' என்றால் எள், 'ஷியோ' என்றால் உப்பு. சேர்த்துச் சொன்னால் கோமாஷியோ. ஆவி பறக்கும் சாதத்தில் ஒரு சிட்டிகை தூவினேன். குழம்பு, ரசம் எதுவும் இல்லாமலே தட்டு காலியானது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பாட்டில் காய்ந்ததே இல்லை. பாட்டியிடம் பார்த்ததையும், நானே செய்து கற்றதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன், தோழிகளே.

1. இரண்டே பொருள் என்பதால் இரண்டும் நன்றாக இருக்க வேண்டும். கடையிலேயே நாலு எள்ளை வாயில் போட்டு மென்று பாருங்கள்; கசந்தாலோ, சிக்கு வாடை அடித்தாலோ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வறுத்தால் வாடை போய்விடும் என்று நம்பாதீர்கள், இன்னும் தூக்கலாகத்தான் தெரியும்.

2. தோல் நீக்காத எள்ளாகப் பார்த்து வாங்குங்கள். பளிச்சென்று வெளுத்திருக்கும் எள் தோல் எடுத்தது. எள்ளின் கால்சியத்தில் பெரும்பகுதி அந்தத் தோலோடு போய்விடும்.

3. எள்ளில் மண் இல்லாமல் இருக்காது. அகலப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, அரிசியில் கல் அரிப்பது போல அரித்தெடுங்கள். மண் அடியில் தங்கும், சொத்தை மேலே மிதக்கும். கருப்பு எள் கழுவிய தண்ணீரில் லேசாக நிறம் இறங்குவது அதன் இயல்பு. தண்ணீர் மை மாதிரி கறுத்து, கையிலும் ஒட்டினால் மட்டும் அந்தக் கடையை மாற்றுங்கள்.

4. வெயிலில் காயப்போட நேரமில்லையா? வடிகட்டி, துணியில் ஒற்றி, ஈரத்தோடே வாணலியில் போட்டுவிடலாம். ஈரம் வற்றும்வரை மிதமான தீ, அதன் பிறகு சிறு தீ. ஈர எள் நிதானமாகச் சூடேறுவதால் கருகும் பயமும் குறைவு.

5. அளவு: 10 டீஸ்பூன் எள்ளுக்கு 1 டீஸ்பூன் உப்பு. இதில் ஆரம்பித்தால் யாருக்கும் பிழையாது. ஜப்பானியரான ஜார்ஜ் ஓசாவா (1893–1966) பரப்பிய மேக்ரோபயாட்டிக் உணவு முறையால்தான் இந்தப் பொடி ஐரோப்பா, அமெரிக்கா வரை போனது. அந்த முறைக்காரர்கள் ஆளையும் வயதையும் பொறுத்து எள்ளைக் கூட்டிக் குறைப்பார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் 15-க்கு 1 என்று வைத்துக்கொள்ளலாம்.

6. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னவர்கள் வீட்டில் இந்தப் பொடி நல்ல துணை. 10-க்கு 1 கலவையில் ஒரு டீஸ்பூன் எடுத்தால் சுமார் அரை கிராம் உப்புதான் சேரும். அதுவே ஒரு டீஸ்பூன் வெறும் உப்பு என்றால் 5 கிராமுக்கு மேல். நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஆனால் சமையலில் வழக்கம் போல உப்பைப் போட்டுவிட்டு மேலே இதையும் தூவினால் ஒரு லாபமும் இல்லை. சமையலில் குறைத்துவிட்டு இதைத் தூவுங்கள்.

7. வறுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு மூன்று எள் பட் பட்டென்று வெடித்துத் துள்ளினால் பதம் வந்தாயிற்று என்பது ஜப்பானிய வீடுகளில் சொல்லும் கணக்கு. எல்லாமே வெடிக்கட்டும் என்று காத்திருந்தால் அடியில் இருப்பது கருகிவிடும்.

8. கருப்பு எள்ளில் நிறம் பார்த்துப் பதம் சொல்ல முடியாது. ஏழெட்டு வெள்ளை எள்ளை அதோடு சேர்த்துப் போடுங்கள். அவை இளம் பொன்னிறமானால் கருப்பும் வறுபட்டுவிட்டது. முதல் இரண்டு தடவை கருக்கிக் கொட்டிய பிறகு பாட்டி இதைச் சொல்லிக் கொடுத்தார்; அதன் பின் ஒரு தடவைகூடக் கருகியதில்லை.

9. விரல் சோதனையும் உண்டு. ஒரு எள்ளைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குங்கள். பலம் குறைந்த அந்த விரலிலேயே பொடிந்து மணம் வந்தால் இறக்கிவிடலாம்.

10. இறக்கியதும் வாணலியிலேயே விட்டுவிடாதீர்கள், அந்தச் சூட்டிலேயே கருகும். அகலத் தட்டை முன்கூட்டியே அடுப்புப் பக்கத்தில் எடுத்து வைத்து, உடனே கொட்டிப் பரப்புங்கள். கருகிவிட்டால் மனதைத் தேற்றிக்கொண்டு கொட்டிவிடுங்கள். அந்தக் கசப்பை எந்த உப்பும் மறைக்காது.

11. எள் தெறித்து அடுப்பெல்லாம் இறைகிறதா? அங்கே எள் வறுப்பதற்கென்றே வலை மூடி போட்ட, நீளக் கைப்பிடி வைத்த சின்னச் சட்டி விற்கிறார்கள். அதற்காகச் செலவு செய்ய வேண்டாம். மாவுச் சல்லடையைக் கவிழ்த்து மூடி, வாணலியைக் குலுக்கினால் அதே வேலை நடக்கும்.

12. உப்பில் ஈரம் இருந்தால் பொடி கட்டி தட்டும். கல் உப்பு என்றால் வெறும் வாணலியில் இரண்டு நிமிஷம் புரட்டி, ஆறியதும் நைஸாகப் பொடித்துக்கொள்ளுங்கள். அயோடின் கலந்த தூள் உப்பு என்றால் வறுக்கவே வேண்டாம், சூட்டில் அயோடின் குறையும். அதைக் கடைசியில் அப்படியே சேர்க்கலாம்.

13. அரைக்கும்போது முதலில் உப்பு, பிறகு எள். உப்பு முதலில் மாவு மாதிரி ஆகிவிட்டால், எள்ளில் கசியும் துளி எண்ணெய் அதைச் சுற்றிப் பூசிக்கொள்ளும். நாக்கில் கரிக்காமல், மென்மையாக உப்பு தெரிவது இதனால்தான்.

14. இதற்கென்று ஜப்பானில் 'சுரிபாச்சி' என்ற மண் கிண்ணம் இருக்கிறது. வெளியே வழவழப்பு, உள்ளே சீப்புப் பல் போல மெல்லிய கோடுகள் கீறியிருக்கும். எள் அந்தக் கோடுகளில் சிக்கி உரசி உடையும். உலக்கை மரத்தால் ஆனது, பெயர் 'சுரிகோகி'. சான்ஷோ என்ற மரத்தில் செய்தது உசத்தி என்பார்கள். ஜப்பான் போய்வரும் உறவினர் 'என்ன வாங்கி வரட்டும்?' என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். கைக்கடக்கமான கிண்ணமே போதும்.

15. சுரிபாச்சியில் இடிக்கக் கூடாது, சுற்ற வேண்டும். இடது உள்ளங்கையை உலக்கையின் தலையில் வைத்து அச்சு போலப் பிடித்துக்கொண்டு, வலது கையால் நடுவில் பிடித்துச் சுழற்றுங்கள். அழுத்தவே வேண்டாம், உலக்கையின் கனமே போதும். முதலில் எள் உருண்டு ஓடும். கரகரவென்ற சத்தம் மெல்ல மெல்லச் சரசரவென்று மாறும். அப்போது எழும் மணத்துக்கு அடுத்த அறையில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

16. கிண்ணம் நகர்ந்து நகர்ந்து போகிறதா? ஈரத்துணியை நாலாக மடித்து அடியில் போடுங்கள். இன்னொருவர் வந்து பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.

17. பத்தில் ஏழு எள் உடைந்தால் நிறுத்திவிடுங்கள். மீதி முழுசாக இருந்தால்தான் பல்லில் கடிபடும். பொடி ஈர மணல் மாதிரி ஒட்ட ஆரம்பித்தால் எண்ணெய் விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தப் பதம் துவையலுக்கு நல்லது, தூவுவதற்கு ஆகாது.

18. சுரிபாச்சி இல்லாவிட்டால் நம் அம்மி, சின்னக் கல் உரல் எல்லாமே ஒத்துவரும். உரலில் நச்சென்று குத்தாமல், குழவியைச் சாய்த்துப் பிடித்துச் சுற்றுங்கள்.

19. மிக்ஸிதான் இருக்கிறதா? எள் முழுசாக ஆறிய பிறகு சின்ன ஜாரில் பாதிக்கு மேல் போகாமல் போட்டு, விப்பரில் இரண்டு மூன்று தடவை விட்டு விட்டுத் திருப்புங்கள். சூடாக அரைத்தாலும், ஒரேயடியாக ஓட விட்டாலும் விழுதுதான் கிடைக்கும்.

20. அரைக்கவே வேண்டாத முறை ஒன்றும் உண்டு. பாட்டி கொடுத்த பாட்டிலில் இருந்தது அதுதான். 1 டீஸ்பூன் உப்பை 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரையுங்கள். 4 டேபிள்ஸ்பூன் கழுவிய கருப்பு எள்ளோடு சட்டியில் ஊற்றிச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் குழம்பு மாதிரி கொதிக்கும். பிறகு எள் எல்லாம் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். பயப்படாமல் கிளறுங்கள். தண்ணீர் சுண்டியதும் பொலபொலவென்று உதிர்ந்து, ஒவ்வொரு எள்ளின் மேலும் உப்பு வெள்ளையாகப் பூக்கும். இன்னும் இரண்டு நிமிஷம் வறுத்து இறக்கிவிடுங்கள். உப்பு எள்ளோடே ஒட்டியிருப்பதால் பாட்டிலின் அடியில் தனியாகத் தங்காது. கறுப்பும் நரையும் கலந்த தலையை ஜப்பானியர்கள் 'கோமாஷியோ தலை' என்று சொல்வதன் காரணம் இதைப் பார்த்தால் உடனே விளங்கும்.

21. இந்த உப்புத் தண்ணீர் முறைக்கு இரும்பு வாணலியை எடுக்காதீர்கள், துருப்பிடித்துவிடும். எவர்சில்வரோ நான்-ஸ்டிக்கோ போதும். கிளற மரக்கரண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

22. ஆறாமல் பாட்டிலில் போட்டால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் சொட்டியே பொடி கெட்டுவிடும். தட்டில் பரப்பி, தொட்டால் குளிர்ச்சியாகத் தெரியும்வரை ஆறவிடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவைவிடக் கண்ணாடி பாட்டில் நல்லது, எள் மணம் டப்பாவில் ஏறாது.

23. எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். உடைத்ததும் காற்றுப் பட்டு மணம் குறைய ஆரம்பிக்கும். ஆகவே ஒரு வாரத்துக்கு ஆகிற அளவுக்கு, கால் கப் எள்ளில் மட்டும் செய்யுங்கள். மொத்தமாகச் செய்து வைப்பதில் மிச்சம் எதுவும் இல்லை. வேலையைக் குறைக்க வேண்டுமானால் எள்ளை மட்டும் கூடுதலாக வறுத்து முழுசாக ஃப்ரீசரில் வையுங்கள். கட்டி தட்டாது, வேண்டும்போது ஒரு பிடி எடுத்து அரைக்கலாம்.

24. வறுத்து நாளான எள்ளில் மணம் மங்கிவிட்டதா? வெறும் சட்டியில் ஒரு நிமிஷம் சூடுகாட்டினால் உயிர் வந்துவிடும். கடையில் 'வறுத்தது' என்று போட்டு விற்கும் எள்ளைக்கூட ஜப்பானியர்கள் இப்படிச் சூடுகாட்டித்தான் அரைக்கிறார்கள்.

25. மேசையில் தூவுவதற்குப் பெரிய ஓட்டை போட்ட மூடி வேண்டும். உப்பு டப்பாவின் ஓட்டையில் எள் சிக்கும். அரைத்த பொடி என்றால் சின்னக் கரண்டியே சௌகரியம். மழைக்காலத்தில் நாலு வறுத்த அரிசியைப் பாட்டிலில் போட்டு வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

26. உப்பு கூடிவிட்டால் பொடியைத் தூக்கிப் போட வேண்டாம். வெறும் எள்ளை இன்னும் கொஞ்சம் வறுத்து, அரைத்துச் சேர்த்தால் சரியாகிவிடும். குறைந்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், இரண்டு நாளில் நாக்கு பழகிவிடும்.

27. கோமாஷியோ என்றதும் ஜப்பானியருக்கு முதலில் நினைவு வருவது 'செகிஹான்' என்ற சிவப்புச் சோறு. ஒட்டும் அரிசியைச் சிவப்புப் பயறோடு ஆவியில் வேகவைத்து, மேலே முழுக் கருப்பு எள்ளும் உப்பும் தூவுவார்கள். குழந்தை பிறந்தால், பள்ளிக்கூடத்தில் சேர்த்தால், முன்பெல்லாம் பெண் பூப்பெய்தினாலும் இந்தச் சோறுதான். கருப்பு எள் என்றதும் திதி நினைவு வந்து தயங்குகிறவர்கள் நம்மில் உண்டு. அங்கே அது இல்லாமல் சுபகாரியச் சோறு நிறைவாகாது. மனசு ஒப்பாவிட்டால் வெள்ளை எள்ளில் செய்யுங்கள், ருசியில் குறை இருக்காது.

28. செகிஹானுக்குப் பல ஊர்களில் அசுகிப் பயறு போடுவார்கள். டோக்கியோ பக்கம் 'சசாகே'. வேகும்போது அசுகியின் தோல் வெடித்துவிடும். அது வயிற்றைக் கிழித்துக்கொள்வது போல இருக்கிறது என்று அந்தக் கால சாமுராய்கள் ஒதுக்கினார்களாம். சசாகே வேறொன்றுமில்லை, நம் காராமணி இனம்தான்! சிவப்புக் காராமணியை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல், அதிலேயே அரிசியை ஊறவைத்தால் நிறம் தானாக ஏறும். ஒட்டும் அரிசி கிடைக்காவிட்டால் குழைகிற பச்சரிசியில் செய்து கோமாஷியோ தூவுங்கள்.

29. உடம்பு சரியில்லாத நாளில் அரிசிக் கஞ்சிக்கு இதைவிட நல்ல தொட்டுக்கை எனக்குத் தெரியாது. ஃபுகுய் மாவட்டத்தில் 1244-இல் டோகென் துறவி நிறுவிய எய்ஹெய்ஜி மடத்தில் காலை உணவே கஞ்சி, முள்ளங்கி ஊறுகாய், கோமாஷியோதான். கஞ்சியில் கலக்கிவிடாமல், ஒவ்வொரு வாய்க்கும் மேலாகத் தூவிச் சாப்பிட்டால் கொஞ்சப் பொடியிலேயே ருசி நிற்கும்.

30. பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கு 'ஓனிகிரி' என்ற சாத உருண்டை. கையைத் தண்ணீரில் நனைத்து, சூடு பொறுக்கும் பதத்தில் சாதத்தைப் பிடித்து, தட்டில் பரப்பிய கோமாஷியோவில் புரட்டி எடுங்கள். ஆறின சாதத்தில் பிடித்தால் உதிர்ந்துவிடும், சூட்டிலேயே பிடியுங்கள்.

31. அரைத்து முடித்ததும் சுரிபாச்சியின் கோடுகளில் நிறையப் பொடி ஒட்டியிருக்கும், கழுவி வீணாக்காதீர்கள். வேகவைத்துப் பிழிந்த கீரையை அதிலேயே போட்டு, துளி சர்க்கரையும் இரண்டு சொட்டு சோயா சாஸும் விட்டுப் பிசறினால் 'கோமா-ஆயே' என்ற கீரைக் கறி தயார். கீரை இல்லாத நாளில் ஒரு பிடி சூடான சாதத்தைப் போட்டுத் துடைத்தெடுத்துவிடலாம்.

32. அதன் பிறகும் ஒட்டியிருப்பதைக் கெட்டியான நார் பிரஷ்ஷால், கோடு போகும் திசையிலேயே தேய்த்துக் கழுவுங்கள். எள் இப்படி எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொள்வதால்தானோ என்னவோ, பெரிய மனிதர்களிடம் குழைந்து பேசுவதை ஜப்பானியர்கள் 'எள் அரைப்பது' என்கிறார்கள். நாம் 'காக்கா பிடிப்பது' என்கிறோமே, அதுதான்.

33. வேகவைத்த சர்க்கரைவள்ளி, மஞ்சள் பூசணி இரண்டுக்கும் இது அபாரப் பொருத்தம். லேசான உப்பு பட்டதும் இனிப்பு இன்னும் எடுப்பாகும். ஜப்பானில் சர்க்கரைவள்ளி போட்டும், செஸ்ட்நட் போட்டும் சோறு ஆக்கி, மேலே இதைத் தூவுவார்கள். வெள்ளரிக்காய், அவித்த முட்டை, பிழிந்த டோஃபு எதுவானாலும் பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். முன்கூட்டியே தூவினால் நமத்துவிடும்.

34. சைவக்காரர்கள் கவனிக்க: அங்கே சாதத்தில் தூவிக்கொள்ளும் 'ஃபுரிகாகே' வகைகளில் பெரும்பாலும் காய்ந்த மீன் தூள் இருக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் சைவம் என்பதால், பயமில்லாமல் சாப்பிட முடிந்தது கோமாஷியோதான். அதிலும் சில கடைப் பாட்டில்களில் சர்க்கரை, சுவையூட்டி சேர்ப்பதுண்டு. வீட்டில் செய்தால் லேபிள் படிக்கிற வேலையே இல்லை.

35. மிளகாய், பூண்டு, பெருங்காயம் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். சேர்த்தால் அது நம் எள்ளுப்பொடி. அதுவும் தேவாமிர்தம்தான், ஆனால் வேறு பொருள். கோமாஷியோவின் அழகே எள்ளின் மணம் தனியாகத் தெரிவதில்தான் இருக்கிறது. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், சுட்ட நோரி பாசித்தாளைக் கிள்ளிப் போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

36. பல் செட் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு மட்டும் நைஸாக அரைத்துத் தனிப் பாட்டிலில் வையுங்கள். முழு எள் செட்டுக்கு அடியில் போய் உறுத்தும். உடையாத எள் அப்படியே ஜீரணமாகாமல் வெளியேறிவிடுவதும் உண்டு. அதனால் அவர்களுக்கு அரைத்ததே நல்லது.

37. எள் ஒவ்வாமை சிலருக்கு உண்டு, கடுமையாகவும் வரலாம். அமெரிக்காவில் 2023 முதல் பாக்கெட் உணவில் எள் இருந்தால் லேபிளில் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. விருந்துக்கு வரும் குழந்தைகளுக்குத் தூவுவதற்கு முன் அவர்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

38. ஜப்பானில் விற்கும் எள்ளில் 99 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. உள்நாட்டு எள்ளுக்குப் பெயர்போனது ககோஷிமா மாவட்டத்துக் கிகாய் தீவு. அங்கே அருமையாகக் கிடைக்கிற பொருள் நமக்கு மளிகைக் கடையிலேயே இருக்கிறது. இறக்குமதி பாட்டிலுக்குப் பணம் கொடுப்பதைவிட, அந்தக் காசுக்கு நல்ல எள்ளாக வாங்கி நாமே செய்துகொள்ளலாம்.

39. பாட்டி கொடுத்த பாட்டிலை எள்ளுருண்டை நிரப்பித் திருப்பிக் கொடுத்தேன். ஏனத்தைக் காலியாகத் திருப்பக் கூடாது என்று நம் வீட்டில் சொல்லி வளர்த்தது அங்கேயும் பொருந்தியது. பெற்றதற்குப் பதில் செய்வது அவர்களுக்கும் பெரிய வழக்கம். நீங்களும் முதல் தடவை செய்ததும் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் தீர்ந்தால்தான் இந்தப் பொடிக்கு ருசி.